பனி இல்லாத மாதங்களில் ஸ்கிப் பயிற்சி: நோர்வேயில் பிள்ளையை லங்ரென் அணியில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு

நோர்வேயில் இருக்கும் எங்கள் ஆட்கள் பலருக்கு ஸ்கி என்ற நினைப்பு வருவதே டிசம்பரில்தான். பள்ளிக்கூடத்தில் இருந்து ஸ்கி நாள் என்று ஒரு கடிதம் வரும், வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகள் மேட்டில் சர்வசாதாரணமாக ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளை முகம் வாடி வீட்டுக்கு வரும், அடுத்த கிழமையே எந்தக் கிளப்பின் லங்ரென் அணியில், அதாவது நெடுந்தூரப் பனிச்சறுக்கு அணியில், சேர்க்கலாம் என்று விசாரிக்கத் தொடங்குவோம். கிளப்பும் வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் அந்த அணியில் இருக்கும் பிள்ளைகள் மே மாதத்திலிருந்தே ஒன்றாக ஓடி, ஒன்றாக மழையில் நனைந்து, பகிடி விட்டுப் பழகியவர்கள். அவர்களுக்கு நடுவில் டிசம்பர் இருட்டில், கை விறைக்கும் குளிரில், பழக்கமில்லாத ஸ்கியோடு ஒரு புதுப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் அது இரண்டு கிழமையில் "அம்மா, நான் இனிப் போகமாட்டேன்" என்றுதான் சொல்லும்.

மே மாதத்தில் நிலைமை வேறு. தரையில் பனி கிடையாது, யாருடைய காலிலும் ஸ்கி கிடையாது. மூன்று வயதிலிருந்து ஸ்கியில் நிற்கும் பிள்ளையும், நேற்றுவரை உதைபந்து மட்டும் விளையாடிய எங்கள் பிள்ளையும் ஒரே புல்வெளியில் ஒரே மாதிரிச் சப்பாத்தோடு ஓடுவார்கள், ஓட்டத்தில் எங்கள் பிள்ளை முன்னுக்கு வருவதும் நடக்கும். அதனால் சேர்ப்பதென்றால் வசந்த காலத்தில் சேருங்கள். குளிர்காலம் வரும்போது பிள்ளைக்கு நண்பர்கள் இருப்பார்கள், உடம்பும் தயாராக இருக்கும், ஸ்கியில் சமநிலையைப் பிடிப்பது மட்டும்தான் மிச்சம்.

ஒஸ்லோவில் ஒரு கிளப்பின் சிறுவர் அணியில் உதவிக்கு நிற்கும் ஒரு அப்பாவாக இதை எழுதுகிறேன். 11 முதல் 14 வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எல்லாம். சின்னப் பிள்ளை என்றால் விளையாட்டுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 15, 16 வயதுக்காரர் என்றால் பயிற்சியாளர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் ஆண்டு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

லங்ரென் ஆட்களுக்குப் புத்தாண்டு மே மாதம் பிறக்கிறது. ஈஸ்டரோடு பருவம் முடியும், ஏப்ரலில் ஓய்வு, மே முதல் புது ஆண்டுக் கணக்கு. மே முதல் பனி விழும்வரை உள்ள காலத்தை இங்கே பார்மார்க் என்பார்கள், அதாவது வெறுந்தரைக் காலம். ஒஸ்லோப் பக்கம் அது ஆறு மாதத்துக்கும் மேலே போகும், ஆண்டில் பாதி. "அண்ணை, பனி இல்லாத நேரத்தில் எதுக்கு ஸ்கிப் பயிற்சி?" என்று என்னிடம் கேட்காத தமிழ்ப் பெற்றோர் குறைவு. பதில் இதுதான்: லங்ரென் என்பது முதலில் இதயமும் நுரையீரலும், பிறகு கையும் வயிறும் காலும் சேர்ந்து உழைக்கும் வேலை. அதைப் பனியில் மட்டும் கட்ட நான்கு மாதம் போதாது.

மே, ஜூன் மாதங்களில் விளையாட்டும் ஓட்டமும். ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் அணியும் கலையும், ஓகஸ்ட் நடுவில் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து திரும்பத் தொடங்கும். ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை மேட்டு ஓட்டம், சில்லு ஸ்கி (தார் வீதியில் ஓடும் சக்கர ஸ்கி), காட்டுப் பயணம். நவம்பரில் எங்கே பனி இருக்கிறதோ அங்கே ஓடிப் போவது. எல்லாக் கிளப்பிலும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான்.

கிளப்பைப் பிடிப்பது

உங்கள் பகுதியின் விளையாட்டுக் கழகத்தில் லங்ரென் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிறந்த ஆண்டின்படி குழுக்கள் இருக்கும். பொறுப்பாளருக்கு இரண்டு வரி எழுதினால் போதும்: பிள்ளையின் பிறந்த ஆண்டு, ஸ்கி அனுபவம் இல்லை அல்லது கொஞ்சம் உண்டு, வந்து பார்க்கலாமா. அநேகமாக எல்லோரும் சில தடவை இலவசமாக வந்து பார்க்க விடுவார்கள். "எங்களுக்கு ஸ்கி ஓடத் தெரியாது" என்று கூச்சப்பட வேண்டாம், பெற்றோருக்கு ஓடத் தெரிய வேண்டும் என்று எந்தக் கிளப்பும் எதிர்பார்ப்பதில்லை.

அவர்கள் எதிர்பார்ப்பது டுக்னாட். சம்பளமில்லாத கூட்டு வேலை, நோர்வேயில் கொஞ்சக் காலம் இருந்தவர்களுக்குத் தெரியும். போட்டி நாளில் கடையில் நின்று வாஃபிள் சுடுவது, ஓடுபாதையில் மரக்கிளை அகற்றுவது, நேரம் குறிப்பது, இப்படி. இதை ஒரு சுமையாக நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள், முதல் டுக்னாட்டுக்கே பெயர் கொடுங்கள். யார் தன் பிள்ளையைப் பயிற்சிக்குக் காரில் கூட்டிப் போகிறார், யாரிடம் சிறிதாகிப் போன சப்பாத்து இருக்கிறது, எந்தக் கடையில் எப்போது விலைக்கழிவு என்ற செய்தியெல்லாம் அந்த வாஃபிள் மேசையில்தான் கிடைக்கும். ஒருமுறை ரோல்ஸ் செய்து கொண்டுபோய்ப் பாருங்கள், அதற்குப் பிறகு உங்கள் பெயரை யாரும் மறக்கமாட்டார்கள்.

இன்னொன்று, வார இறுதித் தமிழ்ப் பள்ளி. சனிக்கிழமைப் பயிற்சியும் தமிழ் வகுப்பும் மோதும். இரண்டில் ஒன்றை விடவேண்டும் என்று நீங்களே முடிவெடுக்கமுன், பயிற்சியாளரிடம் நேரடியாகக் கதையுங்கள். கிழமை நாள் பயிற்சிக்கு ஒழுங்காக வரும் பிள்ளை சனிக்கிழமை வராவிட்டால் இந்த வயதில் ஒன்றும் கெட்டுப்போகாது, பெரும்பாலான பயிற்சியாளர்களும் அதைத்தான் சொல்வார்கள். நடன வகுப்பும் அப்படித்தான். பரதம் படிக்கும் பிள்ளை அரைமண்டியில் நின்று நின்று தொடையும் இடுப்பும் உறுதியாகி, ஒற்றைக் காலில் நிற்கவும் பழகித்தான் வருகிறது, லங்ரெனுக்கு வேண்டியதில் பாதி அதுவே. ஸ்கிக்காக நடனத்தை நிறுத்தாதீர்கள்.

என்ன வாங்குவது, என்ன வாங்காமல் இருப்பது

மே மாதத்துக்குத் தேவை: காட்டுப் பாதையில் வழுக்காத ஓட்டச் சப்பாத்து, மழைச் சட்டை, இடுப்பில் கட்டும் தண்ணீர்ப் போத்தல். அவ்வளவுதான். முதல் மாதத்தில் சில்லு ஸ்கி வாங்க ஓடாதீர்கள். பிள்ளை தொடர்ந்து போகுமா என்று தெரிந்த பிறகு, அதுவும் கிளப்பில் இரவலுக்கு இருக்கிறதா என்று கேட்டபிறகு பார்க்கலாம். பல கிளப்புகளில் ஒரு களஞ்சியம் நிறைய இருக்கும்.

குளிர்கால ஸ்கிக்கும் அப்படித்தான். புஆ என்ற பெயரில் நாடு முழுக்க விளையாட்டுப் பொருள் இரவல் கொடுக்கும் நிலையங்கள் இருக்கின்றன, காசு கிடையாது, பிள்ளைக்கு ஸ்கி ஓடப் பிடிக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் கிளப்புகளிலும் பழைய ஸ்கி விற்று வாங்கும் நாள் வைப்பார்கள், நேரத்தோடு போனால் நல்ல சோடி கிடைக்கும். வளரும் பிள்ளைக்குப் புதுசு வாங்கிக் காசைக் கரைப்பதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை, ஒரே குளிர்காலத்தில் சப்பாத்து இரண்டு அளவு தாண்டிவிடும்.

பழைய ஸ்கி வாங்கினால் ஒரு கவனம். முன்பு ஃபுளூர் கலந்த மெழுகு பூசுவார்கள், அதைச் சர்வதேச ஸ்கிச் சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் தடை செய்துவிட்டது. பழைய ஸ்கியில் என்ன பூசியிருந்தது என்று தெரியாது, ஆகவே கிளப்பில் மெழுகு வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து நன்றாகச் சுத்தம் செய்து எடுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஸ்கி இருந்தால், கோடைக்கு வைக்கமுதல் ஒட்டும் மெழுகை வழித்து எடுத்து, அடியில் சாதாரண வழுக்கு மெழுகைத் தடிப்பாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நிறுத்தி வையுங்கள். நவம்பரில் சுரண்டினால் சரி.

மே, ஜூன்: விளையாட விடுங்கள்

முதல் பயிற்சிகளைப் பார்த்துவிட்டுச் சில பெற்றோர் ஏமாந்து போவார்கள். அஞ்சலோட்டம், பந்து, கயிற்றில் நடப்பது, மரக்குற்றியிலிருந்து மரக்குற்றிக்குத் தாவுவது, காட்டுக்குள் வரைபடத்தை வைத்துக் கொடி தேடுவது. இதற்கா காசு கட்டினோம் என்று தோன்றும். காசு கட்டியது இதற்குத்தான். ஒரு ஸ்கியில் உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு வழுக்கிக்கொண்டு போகத் தெரிந்தால்தான் லங்ரென் வரும். அந்தச் சமநிலை இந்த வயதில் விளையாட்டாகப் பழகும்போது எளிதில் பிடிபடும், வளர்ந்த பிறகு பழகுவது எவ்வளவு கஷ்டம் என்பதை முப்பது வயதில் இங்கே வந்து ஸ்கி பழக முயன்ற யாரையும் கேட்டுப் பாருங்கள்.

நோர்வேயின் சிறுவர் விளையாட்டு விதிகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. முடிவுப் பட்டியலும் தரவரிசையும் பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டிலிருந்துதான், தேசிய சாம்பியன் போட்டி என்ற பேச்செல்லாம் 13 வயதுக்கு முன் கிடையாது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் ரியூசனுக்கு மேல் ரியூசன் போட்டு வளர்த்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், தனியாக ஒரு பயிற்சியாளரைப் பிடித்து மேலதிகமாக ஓடவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். பன்னிரண்டு வயதில் முதலாவதாக வந்து பதினைந்தில் ஸ்கியைத் தொடவே மாட்டேன் என்ற பிள்ளைகளை எந்தக் கிளப்பிலும் பார்க்கலாம்.

ஜூலையில் ஊருக்கோ இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போகிறீர்களா, போய்வாருங்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் பிள்ளையை ஓடவிடத் தேவையில்லை. கடலில் நீந்தட்டும், சைக்கிள் ஓடட்டும், மச்சான்மாரோடு கிரிக்கெட் விளையாடட்டும்.

மெதுவாக ஓடுவதைப் பழக்குவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள்.

உலகத் தரத்தில் இருக்கும் லங்ரென் வீரர்கள் ஆண்டுக்கு 800, 900 மணிநேரம் பயிற்சி செய்கிறார்கள், அதில் பத்தில் ஒன்பது பங்கு மெதுவான பயிற்சி. மூச்சுத் திணறாமல், பக்கத்தில் ஓடுபவரோடு கதைத்துக்கொண்டு போகும் வேகம். நோர்வேயில் ஒலிம்பியாதொப்பன் என்ற உயர்நிலை விளையாட்டு மையம் உழைப்பை ஐந்து படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் படி, இதயத்தின் அதிகபட்சத் துடிப்பில் சுமார் 60 முதல் 72 சதவீதம். மூன்றாம் படி 82 முதல் 87. ஐந்தாம் படியில் நாக்கு வெளியே தள்ளும். பெரிய வீரர்களின் நேரத்தில் மிகப் பெரும் பகுதி முதல் படியில்தான் போகிறது.

பிள்ளைகளுக்குத் துடிப்பு அளக்கும் கைக்கடிகாரம் தேவையில்லை, வாங்கியும் கொடுக்காதீர்கள். ஓடும்போது ஒரு முழு வசனம் நிறுத்தாமல் பேச முடிந்தால் அது மெதுவான ஓட்டம். இரண்டு மூன்று சொல்லோடு மூச்சு வாங்கினால் நடுத்தரம். பதிலே வராவிட்டால் கடினம். அவ்வளவுதான் அளவுகோல். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்தால் ஐந்து நிமிடத்தில் அது போட்டியாகிவிடும், மெதுவாக ஓடவேண்டிய நாளில் நடுத்தரமாக ஓடி, கடினமாக ஓடவேண்டிய நாளில் களைத்துப்போய் அதையும் நடுத்தரமாக ஓடி, கடைசியில் எல்லா நாளும் ஒரே வேகம். அப்படி ஓடும் பிள்ளை கொஞ்சக் காலம் முன்னேறும், பிறகு அப்படியே நிற்கும்.

இதற்கு வீட்டில் செய்யக்கூடிய மருந்து ஞாயிற்றுக்கிழமை நடை. குடும்பமாக, இரண்டு மூன்று மணிநேரம். ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு நூர்மார்க்கா, ஓஸ்ட்மார்க்கா என்ற காடுகள் மெட்ரோ இறங்கும் இடத்திலேயே தொடங்குகின்றன, இது உலகத்தில் வேறெந்தத் தலைநகரத்துக்கும் எளிதில் வாய்க்காத செல்வம். ஓகஸ்டில் போனால் வழிநெடுக பிளோபேர் பழம், பிள்ளைகள் பறித்துத் தின்றுகொண்டே பத்துக் கிலோமீற்றர் நடந்துவிடுவார்கள். மேட்டில் நடை, சமதரையில் கொஞ்சம் மெதுவோட்டம், இறக்கத்தில் அவர்கள் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டு போகட்டும். நீங்கள் பின்னால் வந்தால் போதும். கிழமைக்குக் கிளப்பில் இரண்டு பயிற்சி, ஒரு நீண்ட நடை, அதோடு வேறு ஏதாவது ஒரு விளையாட்டு. 12, 13 வயதுக்கு இது தாராளம்.

மேட்டில் தடியோடு: எல்க்ஹுஃப்ஸ்

ஓகஸ்ட் கடைசியில் பயிற்சியாளர் தடி கொண்டு வரச் சொல்வார். ஸ்கி இல்லாமல் ஸ்கித் தடியை மட்டும் பிடித்துக்கொண்டு மேட்டில் தாவித் தாவி ஏறும் இந்தப் பயிற்சிக்கு நோர்வேஜியர் எல்க்ஹுஃப்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவர்களுடைய காட்டு எல்க் மான் ஏறுவது போல. பனி இல்லாமலே கிளாசிக் ஸ்கியின் (இரண்டு ஸ்கியும் தடத்தில் நேராகப் போகும் முறை) கைகால் இசைவையும் ஏற்றத்துக்கு வேண்டிய மூச்சையும் ஒரே நேரத்தில் தருவது இது.

தடி, பிள்ளையின் கிளாசிக் தடியைவிட 5 முதல் 10 செ.மீ. குட்டையாக இருந்தால் நல்லது, நீளமான தடி மேட்டில் தோளைத் தூக்கும். பழைய வருடத்துச் சிறிய தடியை எறியாமல் வைத்திருந்தால் அதுவே போதும். முதலில் நடை: வலது கையும் இடது காலும் சேர்ந்து முன்னே, பிறகு மாறி. நடையில் இசைவு வந்தபிறகு தாவல். பாதத்தின் முன்பகுதியில் இறங்க வேண்டும், இடுப்பு பின்னால் தொங்காமல் முன்னுக்கு நிற்க வேண்டும், கண் நிலத்தைப் பார்க்காமல் மேட்டைப் பார்க்க வேண்டும். பிள்ளை குனிந்து குனிந்து ஏறினால் களைத்துவிட்டது என்று அர்த்தம், திரும்ப நடைக்கு மாற்றுங்கள்.

ஒரு பயிற்சி எப்படிப் போகும் என்றால், கால்மணி நேரம் மெதுவோட்டம், கொஞ்சம் விளையாட்டு, அப்புறம் மண்பாதையான ஒரு மேட்டில் இரண்டு நிமிட ஏற்றம் ஐந்து தடவை, நடந்து இறங்குவதே ஓய்வு. முதல் ஏற்றத்தில் போன அதே இடத்தைக் கடைசி ஏற்றத்திலும் அடைய வேண்டும். முதலாவதில் பறந்து கடைசியில் தவழும் பிள்ளைக்கு, குறிப்பாக எங்கள் துடிப்பான பெடியன்களுக்கு, இந்த ஒரு விதியைப் பழக்க முழு இலையுதிர் காலமும் போகும். பரவாயில்லை.

மேட்டில் ஓடும் திறமைக்கு இப்போது எல்லாப் பிள்ளைகளும் காட்டும் உதாரணம் நோர்வே லங்ரென் வீரர் யொஹான்னஸ் ஹெஸ்ஃப்லோட் க்லேபோ. 2025இல் துரொன்ஹைமில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஆறு ஓட்டத்திலும் ஆறு தங்கம் எடுத்தவர். செங்குத்தான ஏற்றத்தில் அவர் ஸ்கியோடு அடிமேல் அடி வைத்து ஓடுவதை வீடியோவில் மெதுவாக ஓடவிட்டுப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். அவரைச் சின்ன வயதிலிருந்து பயிற்றுவித்தது அவருடைய தாத்தா என்பதையும் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே விளங்கும்.

சில்லு ஸ்கி

ருல்லெஸ்கி என்கிற சில்லு ஸ்கிதான் பெற்றோருக்குப் பயம் தரும் பகுதி, பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. குட்டையான அலுமினியச் சட்டம், முன்னும் பின்னும் சக்கரம், அதன்மேல் சாதாரண ஸ்கிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு தார் வீதியில் ஓடுவது. பிரேக் கிடையாது. இறக்கத்தில் சைக்கிள் வேகம் வெகு சீக்கிரம் வந்துவிடும். ஆகவே இதை அவசரப்படுத்தவே கூடாது, அணியில் எல்லோரும் ஓடுகிறார்கள் என்பதற்காக முதல் ஆண்டே ஓடவேண்டும் என்றும் இல்லை.

இரண்டு வகை உண்டு. கிளாசிக் வகையின் சக்கரம் அகலம், பின்னால் உருளாமல் பூட்டு இருக்கும். ஸ்கேட்டிங் (காலைப் பக்கவாட்டில் உதைத்து ஓடும் முறை) வகையின் சக்கரம் ஒடுக்கம், முன்னும் பின்னும் உருளும். புதிதாகப் பழகும் பிள்ளை அகலச் சக்கரத்தில் எளிதாக நிற்கும், ஆனால் உங்கள் அணி எதில் தொடங்குகிறதோ அதில் தொடங்குவதே புத்தி. சக்கரத்தில் இலக்கம் இருக்கும், பொதுவாக இலக்கம் கூடக் கூட மெதுவாக உருளும், பிள்ளைக்கு மெதுவானதையே தேடுங்கள். வாங்கும்போது சப்பாத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள், பழைய சலமோன் பூட்டும் இப்போது பரவலாக உள்ள என்என்என் பூட்டும் ஒன்றோடொன்று சேராது. தடியின் நுனிக்குப் பனி வட்டைக் கழற்றிவிட்டுத் தாருக்கென்று உள்ள கடின உலோக நுனி போடவேண்டும். அது மழுங்கினால் தடி வழுக்கித் தோளும் மணிக்கட்டும் நோகும், அடிக்கடி வைரத் தூள் அரத்தால் தீட்டிக் கொடுங்கள்.

ஹெல்மெட் இல்லாமல் ஒரு மீற்றர்கூட இல்லை. பளிச்சென்ற மேற்சட்டை, கையுறை, தொடக்கத்தில் முழங்கால் முழங்கை உறை. இதில் பேரம் பேசாதீர்கள்.

பழகும் ஒழுங்கு இப்படி. முதல் நாள் வெட்டிய புல்வெளியில், தடி இல்லாமல், நிற்பதும் அடியெடுத்து வைப்பதும் விழுந்து எழும்புவதும். புல்லில் சக்கரம் உருளாது, அதனால் பயம் விலகும். அடுத்தது வாகனம் வராத சமதரையில், பள்ளிக்கூடத்து முற்றமோ ஞாயிறு காலையில் வெறிச்சோடிக் கிடக்கும் வாகனத் தரிப்பிடமோ, இன்னும் தடி இல்லாமல். ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் உருளலாம் என்று போட்டி வைத்தால் அவர்களே அரை மணிநேரம் விளையாடுவார்கள். பிறகுதான் தடி, முதலில் இரண்டு தடியையும் ஒன்றாக ஊன்றித் தள்ளுவது. நிறுத்துவதற்குக் குதிக்காலை வெளியே தள்ளிக் கூம்புபோல் பிடிக்கலாம், ஆனால் அது மெதுவான வேகத்தில் மட்டுமே உதவும். வேகம் கூடினால் வீதியோரப் புல்லுக்குள் ஓடி இறங்குவதுதான் வழி, அதையும் பழக்கியே ஆகவேண்டும். இறக்கம் வந்தால்? கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கட்டும். மற்றப் பிள்ளைகள் போகிறார்கள் என்று பின்னால் விடாதீர்கள், அதைச் சொல்லும் துணிவு பிள்ளைக்கு இல்லாவிட்டால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

சில்லு ஸ்கிக்கென்றே போடப்பட்ட தடங்கள் இருக்கின்றன, ஒஸ்லோவின் ஹோல்மென்கொல்லனிலும் ஒன்று உண்டு, ஆனால் அதன் ஏற்ற இறக்கம் கொஞ்சம் பழகியவர்களுக்குத்தான். நோர்வே வீதிச் சட்டத்தில் சில்லு ஸ்கி ஓடுபவர் பாதசாரிக் கணக்கு, ஆனாலும் கார் ஓடும் வீதிக்குப் பிள்ளைகளை விட நான் சம்மதிக்கமாட்டேன். ஓகஸ்ட் தொடக்கத்தை ஒட்டி சன்ட்னெஸ் பக்கம் நடக்கும் பிளிங்க் விழாவைத் தொலைக்காட்சியில் பாருங்கள், பெரிய வீரர்கள் நகரத்து வீதியில் சில்லு ஸ்கியில் ஓடுவதைப் பார்த்த பிள்ளை அடுத்த பயிற்சிக்கு நேரத்தோடு வெளிக்கிட்டு நிற்கும்.

கை, வயிறு, முதுகு

இதற்குச் சுருக்கமாக எழுதினால் போதும். உடற்பயிற்சிக்கூடம் வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். தண்டால், தொங்கி ஏறுதல், முழங்கையில் உடம்பைத் தாங்கி நிற்றல், ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும்புதல், கிழமைக்கு இரண்டு தடவை கால்மணி நேரம். தடி ஊன்றும் தசைக்கு, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி மரத்தில் கட்டி இரண்டு கையாலும் கீழ்நோக்கி இழுக்கச் சொல்லுங்கள், வயிற்றை இறுக்கி, முதுகு வளையாமல்.

சாப்பாடும் உடம்பும்

பயிற்சிக்கு இரண்டு மணிநேரம் முன் புட்டும் வாழைப்பழமும், அல்லது இடியப்பமும் சொதியும், கடையில் விற்கும் சக்திப் பானம் எதையும்விட நல்லது. எண்ணெய்ப் பொரியலும் உறைப்புக் கறியும் பிறகு. முடிந்து ஒரு மணிநேரத்துக்குள் சோறு, பருப்பு, முட்டை அல்லது மீன். நீண்ட நடைக்கு நோர்வேஜியர் பாண் துண்டைக் கட்டிக் கொண்டுவருவார்கள், எங்கள் பிள்ளை ரொட்டியும் சம்பலும் கொண்டுபோனால் அரைவாசி மற்றவர்களுக்குப் போய்விடும், கூடக் கட்டிக் கொடுங்கள்.

இரண்டு விஷயத்தைக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். ஒன்று விற்றமின் டி. எங்கள் தோலுக்கு இந்த நாட்டுச் சூரியன் போதாது, இலங்கைப் பின்னணி உள்ளவர்களிடம் அது குறைவாக இருப்பது இங்குள்ள வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரியும். மற்றது பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து. மாதவிடாய் தொடங்கிய வயதில், மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளை, பயிற்சியில் காரணமில்லாமல் களைத்தால் சோம்பேறி என்று திட்டாமல் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

வேகமாக வளரும் ஆண்டில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முடிச்சிலோ குதிக்காலிலோ வலி வரலாம். வளரும் வயதில் பலருக்கு வருவது, ஆனால் வலியோடு குதித்து ஓடவிடக் கூடாது. சைக்கிள், நீச்சல் என்று மாற்றிக் கொடுத்தால் பருவம் வீணாகாது. நீடித்தால் உடலியக்கச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். பெண்பிள்ளையின் எடையைப் பற்றி யாரும், பயிற்சியாளரானாலும் மாமியானாலும், ஒரு வார்த்தை பேச விடாதீர்கள்.

காடும் இருட்டும்

காட்டிலிருந்து வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், ஒஸ்லோ வளைகுடாவைச் சுற்றி நிறைய. செப்டம்பர் 25 முதல் எல்க் வேட்டை, அந்த நாட்களில் காட்டுக்குள் போனால் செம்மஞ்சள் மேற்சட்டை போடட்டும், கட்டிய பாதையை விட்டு விலக வேண்டாம். ஒக்டோபர் கடைசியில் கடிகாரம் மாறியதும் பயிற்சி முழுக்க இருட்டில்தான், தலைவிளக்கை முதல் நாளே மின்னேற்றி, உடுப்பில் ஒளி தெறிக்கும் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

பனி வரும்போது

நவம்பரில் அணி எங்காவது செயற்கைப் பனிக்குப் போகும். லில்லஹாமருக்குப் பக்கத்தில் ஷூஷோயனில் போன குளிர்காலத்துப் பனியை மூடிச் சேமித்து வைத்து ஒக்டோபர் கடைசியிலேயே பாதை போடுவார்கள். ஒஸ்லோவுக்கு வெளியே லோரென்ஸ்கோக்கில் 2020இல் திறந்த உள்ளரங்கப் பனிக்கூடமும் இருக்கிறது. வார இறுதி முகாம் என்றால் புதிதாகச் சேர்ந்த பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள், ஸ்கிக்காக மட்டும் சொல்லவில்லை, ஒரு கட்டிலில் மேலும் கீழும் படுத்துக் கதைத்த இரண்டு பிள்ளைகள் பிறகு குளிர்காலம் முழுக்க ஒன்றாகத் திரிவார்கள். பணம் இறுக்கமாக இருந்தால் பொறுப்பாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பல கிளப்புகளில் அதற்கென்று ஒரு தொகை ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

முதல் சில நாட்கள் சமதரையில் மட்டும், பாதி நேரம் தடி இல்லாமல், மெதுவாக. கோடையில் கட்டிய மூச்சு இருப்பதால் பிள்ளைக்கு வேகமாக ஓட ஆசை வரும், ஆனால் பனியில் கால் இன்னும் பழகியிருக்காது. தடி நீளம் கிளாசிக்குக்கு உயரத்தில் 83 சதவீதத்துக்குள், ஸ்கேட்டிங்குக்கு 90 சதவீதத்துக்குக் கிட்ட. மே மாதத்தில் அளந்த உயரத்தை நம்பாமல் திரும்ப அளவுங்கள்.

முதல் போட்டிக்கு முதல் ஒரு கடதாசி வேலை இருக்கிறது. 13 வயதாகும் ஆண்டிலிருந்து போட்டி ஓட உரிமம் தேவை, ஒரு நாளுக்கும் எடுக்கலாம், முழுப் பருவத்துக்கும் எடுக்கலாம். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு உரிமம் வேண்டாம், கிளப்பில் பதிந்திருந்தால் விளையாட்டுச் சம்மேளனத்தின் காப்புறுதி அவர்களுக்கு உண்டு. மின் இட்ரெட் என்ற இணையச் செயலியில் பிள்ளையின் பெயர், கிளப், பிறந்த ஆண்டு சரியாக இருக்கிறதா என்று நவம்பரிலேயே பார்த்து வையுங்கள். எங்கள் நீண்ட பெயர்களை அங்கே முதற்பெயர் கடைசிப்பெயர் மாற்றிப் பதிந்திருப்பது அடிக்கடி நடக்கிறது, போட்டிக்கு முதல் நாள் இரவு அதைத் திருத்த ஆள் கிடைக்காது.